இடது பக்கத்துப் பாக்கெட்

ஜனவரி 9

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. ஊசியைப் பிடித்த அளவுக்குப் பேனாவைப் பிடித்ததில்லை. நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்ட உன் மாமாவும் இருக்கிறார், வாயைத் திறக்காமல்.

போனில் உன்னிடம் பேச முடியவில்லை. அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். போன தடவை, சிட்டு வலிப்பில் விழுந்து முன்பல் உடைந்துவிட்டது என்று அழுதேன். அதற்கு நீ, "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாய். என்மேல் ஏதாவது கோபமா? மெசேஜ் அனுப்பவும் வழியில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன். அது மாமா கையிலிருந்து என் நாத்தனார் கைக்குப் போய், அவள் முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் எனக்கு வரும். அதனால்தான் கடிதம். பதிலைக் கம்பெனி விலாசத்துக்குப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுவுக்கு நாலாவது மருந்தும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நோயின் பெயர் மைட்டோ என்று ஆரம்பிக்கிறது, மிச்சத்தை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். உடம்பில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் அடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறதாம். இவளுக்கு அது சரியாக எரியவில்லை. மூளைக்குத் தீனி போதாமல் வலிப்பு வருகிறது. இனிமேல் மருந்தைக் கூட்டிப் பயனில்லை, நெஞ்சில் ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து கழுத்து நரம்புக்குக் கம்பி விட்டுப் பார்க்கலாம் என்கிறார். "நிச்சயம் கேக்கும்னு சொல்ல மாட்டேன்மா. இந்த நோய்ல சில பேருக்குக் குறையுது, சில பேருக்குக் குறையறதில்ல" என்றார். பொய் சொல்லாத மனிதர்.

வீட்டில் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். "இருக்கிற நாளை நிம்மதியா விடாம, எதுக்கு அறுத்துக் கிழிக்கணும்? இது அம்மா வழியா வர்ற நோயாமே. எங்க வம்சத்துல கிடையாது."

நானும் விடவில்லை. "ஆமா, அந்த அடுப்பு என்கிட்டருந்து போனதுதான். அவ கண்ணும் என்கிட்டருந்து போனது, வாயும் என்கிட்டருந்து போனது. குடுத்தவ நான், மல்லுக்கு நிக்கப்போறதும் நான். நீங்க தள்ளி நில்லுங்க" என்றேன்.

பெரியவனுக்கு வந்த நோயின் பெயர்கூடத் தெரியாமல் அவனைப் பறிகொடுத்தேன். இவளுக்குப் பெயராவது தெரிந்திருக்கிறது. பெயர் தெரிந்த எதிரியிடம் சண்டை போடலாம். அடுத்த மாதம் ஆபரேஷன்.

இன்னொன்று. அம்மா வழி என்பதால் உன்னையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். சர்க்கரை, நெஞ்சு, காது, மூன்றும். எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. காது நன்றாக இருக்கிறது. நாத்தனார் பேசுவது ஒன்று விடாமல் கேட்கிறது, அதுதான் என் கஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடாவிட்டால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். நீயும் மாமாவும் சிட்டுவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன்மேல் எனக்கு என்ன கோபம் அக்கா? போனில் லைன் சரியில்லை. பல் விஷயம் சரியாக விழவில்லை, மன்னித்துவிடு. இந்த அறையில் நாலு பேர் இருக்கிறோம். ஷிப்டு மாறி மாறித் தூங்குகிறார்கள், பேச முடிவதில்லை. கடிதமே நல்லது. உன் எழுத்தில் உன் குரல் அப்படியே இருக்கிறது.

என்னை ஹோட்டலில் வருகிறவர்களை வரவேற்கும் முன் மேஜையிலிருந்து துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கீழ்த்தளம். மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடும். அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, எல்லாரும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்கிறோம். எனக்கு அது வசதியாகவே இருக்கிறது.

டாக்டர் சொன்ன சோதனைகளைச் செய்துகொண்டேன். சர்க்கரை இல்லை. நெஞ்சும் நன்றாக இருக்கிறது. கவலைப்படாதே.

பெட்டியை வை அக்கா. யார் என்ன சொன்னாலும் வை. சிட்டுவுக்குச் சித்தியின் முத்தம், உடைந்த பல்லுக்குத் தனியாக ஒன்று.

தங்கை

*

மார்ச் 2

தங்கச்சிக்கு,

நலம் கேட்டு நலம் சொல்ல இந்தத் தடவை எனக்குத் தெம்பு இருக்கிறது. பெட்டி வைத்தாகிவிட்டது.

கழுத்தில் ஒரு வெட்டு, இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வெட்டு. பெட்டி தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது. தோலுக்கு அடியில் இருக்கிறது, தொட்டால் விளிம்பு தெரிகிறது. கண் விழித்ததும் சிட்டு கேட்டது என்ன தெரியுமா? "அம்மா, எனக்கு சார்ஜர் எங்க?"

பதினான்கு வயதுக்கு என்ன வாய்!

பெட்டிக்கென்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். கைக்கோல் மாதிரி ஒன்றை நெஞ்சின்மேல் பிடித்து, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறாள். முழுப் பலன் தெரியப் பல மாதம் ஆகுமாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பெட்டி தானாக வேலை செய்கிறது. அப்போது குரல் கரகரத்துப்போகிறது. பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் தவளை மாதிரி ஆகிவிடும், பிறகு பழைய குரல் வந்துவிடும். "தவளை வந்துடுச்சு, இருங்க" என்று அவளே கையைக் காட்டி நிறுத்துகிறாள். நாத்தனாரைத் திட்ட வேண்டியதை எல்லாம் தவளைக் குரலில் திட்டிக்கொள்கிறாள். கேட்டால் "நான் பேசலை, பெட்டி பேசுச்சு" என்கிறாள்.

கூடவே ஒரு காந்தம் கொடுத்திருக்கிறார்கள். கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். வலிப்பு வருகிற மாதிரி இருந்தால் பெட்டிமேல் காட்ட வேண்டும், கூடுதலாக ஒரு கரண்ட் போகும். நர்ஸ் என் கையைப் பிடித்துச் செய்து காட்டினாள். "இப்படித் தேய்ச்சு எடுத்துடுங்கம்மா, அவ்வளவுதான்."

காந்தத்தைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தால், சிந்திக் கிடந்த ஊசி எல்லாம் மணிக்கட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. லைன் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இத்தனை மாசமா தொலைஞ்ச ஊசி எல்லாம் உங்ககிட்டதானாக்கா இருந்துச்சு?" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியவன் போன பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

நீயும் சிரித்துக்கொண்டு இரு.

அக்கா

*

மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நான் நலம். சிட்டு நலமாக இருக்க வேண்டும் என்பதே நினைப்பு.

அவள் குரலைப் பற்றி இன்னும் எழுது. தவளை என்றால் அடிக்குரலாகவா, இருமல் வந்தவர்கள் பேசுகிற மாதிரியா? சித்தி என்று கூப்பிடும்போது எப்படி இருக்கிறது? முன்பு "சி"யை நீட்டிக் கூப்பிடுவாள். இப்போதும் நீட்டுகிறாளா? சின்ன விஷயம்தான், ஆனாலும் எழுது.

எனக்கு அடுத்த இரண்டு மாதம் வேலை அதிகம். பதில் தாமதமானால் எதையும் நினைத்துக்கொள்ளாதே.

தங்கை

*

ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன், நீயும் நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி.

காந்தத்தை நான் கட்டிக்கொண்டால் ஊசி தொல்லை. நான் கம்பெனியில், அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது என் கையில் காந்தம் இருந்து என்ன பிரயோஜனம்? அவள் பைக்குள் வைத்தேன். வகுப்பில் வலிப்பு வந்தபோது டீச்சர் பையைக் கொட்டித் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. பதினெட்டு வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன்? ஒருத்தி காலர் தைப்பாள், ஒருத்தி கை தைப்பாள், நான் பாக்கெட். இடது பக்கத்து நெஞ்சுப் பாக்கெட். பெட்டியும் அதே இடத்தில்தான் இருக்கிறது! அவளுடைய உள்பாடிகள் எல்லாவற்றிலும், பெட்டிக்கு நேர்மேலே, காந்தத்துக்கு அளவாக ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டேன். புதுத்துணி உறுத்தும் என்று பழைய துணியில் தைத்தேன். யாரும் தேட வேண்டாம். வலிப்பு வந்தால் டீச்சர் பாக்கெட்டோடு சேர்த்து ஒரு தேய் தேய்த்தால் போதும். மற்ற நேரத்திலும் அது அங்கேயே காவல் இருக்கட்டும்.

நீ குரலைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? கேள். பாக்கெட் தைத்த நாளிலிருந்து தவளை ஓடிவிட்டது! குரல் உடைவதே இல்லை. உடம்பு பெட்டிக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. "சீ...த்தி" என்று முன்பு போலவே நீட்டுகிறாள்.

நாத்தனாரிடம் காட்டி, "பாத்தீங்களா கைவேலையை?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். அந்த அழகைப் பார்க்க நீ இங்கே இல்லையே.

அக்கா

*

மே 25

தங்கச்சிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும், அதனால் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

வலிப்பு திரும்பி வந்துவிட்டது. முன்பைவிட மோசமாக. நல்ல பகலில், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், ஒன்று விட்டால் இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. காந்தத்தைத் தேய்த்தேன், தேய்த்தேன், கை ஓயத் தேய்த்தேன். நிற்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அவள் உடுப்பை வெட்டி எடுத்துவிட்டு, ஊசி போட்டு, தூங்க வைத்து நிறுத்தினார்கள். பெட்டியைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. படித்துப் பார்க்கும் மெஷினும் அவர்களிடம் இல்லை. அங்கிருந்த சின்ன டாக்டர், "இந்தப் பெட்டி இவளுக்கு ஒத்துவரலை போலிருக்கு. எடுத்துடறதைப் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? நாத்தனார் வீட்டில் கூட்டம் போட்டுவிட்டாள். "நான் அன்னிக்கே சொன்னேன். அறுத்தது போதும், எடுத்துட்டு அவளை நிம்மதியா விடுங்க." மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சுவரைப் பார்த்தால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

நான் சொன்னேன்: "நிம்மதி நிம்மதின்னு சொல்லித்தான் என் பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்க வச்சீங்க. பெரியவன் கடைசியா மூச்சு விட்டப்பவும் இதே வார்த்தையைத்தான் சொன்னீங்க, நிம்மதியாப் போயிட்டான்னு. அவன் நிம்மதியா போகலை. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனான். அவனைப் பெத்தவ பாத்துட்டு நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இந்தப் பெட்டியை எடுக்கணும்னா முதல்ல என் நெஞ்சைத் திறந்து எடுங்க."

சிட்டு படுக்கையிலிருந்து, "அம்மா, உன் நெஞ்சுல பெட்டியே இல்லையே" என்றாள். அவள் நாக்கு இன்னும் மருந்தில் குழறிக்கொண்டிருந்தது.

பெட்டி நர்ஸிடம் போவதற்கு அடுத்த மாதக் கடைசியில்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் எல்லாரையும் தடுத்து வைக்க வேண்டும். வைப்பேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கும் பயமாக இருக்கிறது. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ?

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 10

அக்கா,

உன் இரண்டு கடிதமும் இன்றைக்குத்தான் ஒன்றாக என் கைக்கு வந்தது. இத்தனை நாள் நான் ஊரில் இல்லை. நலம் விசாரிக்க நேரமில்லை.

காந்தத்தைப் பாக்கெட்டிலிருந்து எடு. இதைப் படித்து முடிக்கும் முன் எடு. பெட்டிமேல் காந்தம் பட்டு விலகினால் கூடுதல் கரண்ட் போகும். விலகாமல் அங்கேயே இருந்தால் பெட்டி வேலை செய்வதை நிறுத்திவிடும். குரல் சரியானது உடம்பு பழகியதால் அல்ல, பெட்டி நின்றுபோனதால். நாளைக்கே பெட்டி நர்ஸைப் பார். நாள் கொடுக்காவிட்டால் வாசலில் உட்கார். மெசேஜ் போட்டால் உன் நாத்தனார் கையோடு நின்றுவிடும், அதனால் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

பெட்டி தோற்கவில்லை அக்கா.

தங்கை

*

ஜூலை 1

தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நூறு வயது இருக்க வேண்டும்.

கடிதத்தைக் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் பிரித்தேன். மூன்றாவது வரியில் எழுந்து ஓடினேன், சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டு, கழிவறைக்குள் கூட்டிப்போய், காந்தத்தை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சிட்டு, "அம்மா, டீச்சர் தேடுவாங்க" என்று சொல்ல ஆரம்பித்து, "டீச்சர்" என்ற இடத்தில் குரல் கரகரத்தது.

தவளை வந்துவிட்டது! அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு கத்திவிட்டேன். வெளியே இருந்த பிள்ளைகள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஆயாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் நர்ஸின் வாசலில் போய் உட்கார்ந்தேன். கைக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள். பெட்டிக்குள்ளேயே எல்லாம் பதிவாகியிருக்கிறது, வாரக்கணக்காக அதன்மேல் காந்தம் நின்றிருக்கிறது. "தேய்ச்சு எடுத்துடுங்கன்னு சொன்னேனேம்மா?" என்றாள்.

"தேய்ச்சு வரைக்கும் என் காதுல விழுந்துச்சு. எடுத்துடுங்கறது உங்க பேச்சு வழக்குன்னு நினைச்சேன்" என்றேன். சாப்பிட்டுடுங்க, உக்காந்துடுங்க என்று எல்லாரும் எல்லாவற்றுக்கும்தானே 'டுங்க' போடுகிறார்கள்! அவள் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றாள். பிறகு, இனிமேல் எல்லாருக்கும் "ஒரு தடவை தேய்ங்க, உடனே தூர எடுத்து வைங்க" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

வீட்டில் மறைக்கவில்லை. நாத்தனார் முகத்துக்கு நேரே சொன்னேன்: "தப்பு என்னோடது, பெட்டியோடது இல்ல. அதனால பெட்டி இருக்கும்."

அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து எல்லாப் பாக்கெட்டையும் பிரித்தேன். உனக்கு ஒன்று சொல்லவில்லை. அந்தப் பழைய துணி, பெரியவனுடைய நீலச் சட்டை. அவன் போன பிறகு ஒருத்தருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. அண்ணன் நெஞ்சுத் துணி தங்கைக்குக் காவல் இருக்கட்டும் என்று நினைத்துத்தான் வெட்டினேன். அதைப் பிரிக்கும்போது தையல் வரவில்லை. ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். கடைசியில், தூக்கி எறியவில்லை. எல்லாத் துண்டையும் அவள் பாவாடைகளில், இடுப்புக்கு வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். காந்தம் அங்கே இருக்கலாம் என்று நர்ஸ் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவனும் காவல் இருக்கிறான், கொஞ்சம் தள்ளி நின்று.

இப்போது நீ சொல். உனக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா

*

ஆகஸ்ட் 18

தங்கச்சிக்கு,

சுகமா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. பதில் வேண்டும்.

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அதனால் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் மெதுவாகப் படிக்கிறவளுக்கு எதுவும் தப்பாது.

டாக்டர் மூன்று சோதனை சொன்னார் என்று எழுதினேன். நீ இரண்டுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய். பல் உடைந்ததற்குச் சந்தோஷப்பட்டாய். முன் மேஜையில் பேசுகிற வேலையிலிருந்து, யாரும் பேசாத கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், உனக்கு அது வசதியாக இருக்கிறது. சிட்டுவின் குரல் எப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டாய், போனை எடுத்தால் கேட்டிருக்கலாமே?

காது. இல்லையா?

நீ ஏன் சொல்லவில்லை என்பதையும் நானே சொல்கிறேன். சொன்னால் நாத்தனார், "பாத்தீங்களா, அவங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்குமே" என்று என்னைக் குத்துவாள் என்றுதானே?

நான் முந்திக்கொண்டேன். நானே கூப்பிட்டுச் சொன்னேன்: "என் தங்கச்சிக்குக் காது போயிருக்கு. எங்க வழிதான். காது கேக்காம, தெரியாத ஊர்ல, தனியா நின்னு, வேலையும் பாத்துக்கிட்டு, இங்க உங்க வீட்டுப் பிள்ளை உசிரையும் எட்ட இருந்தே காப்பாத்தியிருக்கா. எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்படித்தான். இதையும் ஊர் முழுக்கச் சொல்லுங்க, விட்டுப்போனா எங்கிட்ட கேளுங்க, எடுத்துக் குடுக்கறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது மாமா சுவரைவிட்டு எழுந்தார். தன் அக்கா கையிலிருந்த போனை வாங்கி, என் கையில் வைத்தார். "இது இனிமே இவகிட்ட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன பெரிய வசனம் அது.

போன் இப்போது என் கையில் இருக்கிறது. ஆனால் நீ எடுக்க மாட்டாயே. எழுது.

அக்கா

*

செப்டம்பர் 5

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே.

காதுதான். முதலில் ஒன்று, பிறகு மற்றது. நீ போனில் அழுதது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. நீ சிரிப்பதாக நினைத்தேன்.

மே மாதம் வேறு ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஹோட்டல் வைத்திருக்கும் காப்பீட்டில். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு காந்தம். வெளியே ஒரு வட்டம், அதிலும் ஒரு காந்தம். இரண்டும் தோலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிடித்துக்கொள்ளும். உன் கடிதங்கள் கைக்கு வந்த அன்றைக்கு, பரிசோதனைக்காகக் காது நர்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காந்தத்தைப் பற்றி அவள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உன் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். பேனாவைப் பிடுங்கிப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: எடுக்கச் சொல். யாரையோ கேட்டு உறுதி செய்துகொண்டு மற்றதையும் எழுதினாள்.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பெரியவனையும் சிட்டுவையும் சுமக்கிறாய். என்னையும் ஏன் தூக்கி உன் தலையில் வைக்க வேண்டும்?

இப்போது சத்தம் கேட்கிறது. ஆனால் மனிதக் குரலாக இல்லை. எல்லாரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிறார்கள். பழகப் பழகத் தெளியும் என்கிறார்கள். போனை எடுக்கப் பயமாக இருக்கிறது அக்கா. எடுத்து, நீ பேசி, சிட்டு பேசி, எனக்கு எதுவும் புரியாமல் போனால்?

தங்கை

*

செப்டம்பர் 28

தங்கச்சிக்கு,

நீ சுகம் என்றாய், நம்புகிறேன். நாங்களும் சுகம்தான். சிட்டுவுக்கு வலிப்பு முழுசாக நிற்கவில்லை. அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். குறைந்திருக்கிறது. வந்தாலும் சீக்கிரம் விடுகிறது. வகுப்பில் ஒரு தடவை டீச்சர் இடுப்புப் பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்து, தேய்த்து, தூர வைத்து, நிறுத்தியே விட்டாராம். நோய் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் எங்களோடு உட்கார்ந்திருக்கிறது. உட்காரட்டும். எதிரில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் தலையில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். தலை எதற்கடி இருக்கிறது? பெரியவனை இறக்கி வைக்கச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள், வைக்கவில்லை. அவன் ஒன்றும் கனக்கவில்லை. நீயும் ஏறி உட்கார்.

உனக்கு ஒரு சட்டை தைத்து இதோடு அனுப்புகிறேன். பாக்கெட் வைக்கவில்லை. எந்தப் பக்கம் வைக்கலாம் என்று உன் நர்ஸிடம் கேட்டு எழுது, அப்புறம் தைக்கிறேன். நானும் திருந்திவிட்டேன் பார்த்தாயா?

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, உனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடிப்பேன். முகம் தெரிகிற மாதிரி அடிக்கச் சிட்டுவுக்குத் தெரியும். எடுக்க வேண்டும். புரியாவிட்டால் எங்கள் வாயைப் பார். அதுவும் புரியாவிட்டால் சும்மா பார். உடைந்த பல்லைக் காட்டுகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவள் "சீ...த்தி" என்று ஆரம்பித்து, நடுவில் குரல் கரகரவென்று உடைந்து போகலாம். உடனே உன் காது மெஷின் கெட்டுவிட்டது என்று பயந்து போனை வைத்துவிடாதே. உன் காது சரியாகத்தான் இருக்கும். அவள் குரல்தான் அப்படி. பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் பொறு. மிச்சத்தையும் கூப்பிடுவாள்.

உன் அக்கா